வலது பக்கக் கவசம்

தப்புக் கண்டுபிடிப்பதற்குத்தான் ரமாபாய்க்குச் சம்பளம். தண்டையார்பேட்டையில் ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் அவள் செக்கிங் மேசையில் நின்றாள். தையல் பிசகிய இடத்தில், பொத்தான் கோணிய இடத்தில், சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி வேறு கூடையில் போட வேண்டும். காலை எட்டரைக்கு நிற்க ஆரம்பித்தால் ஐந்து மணிக்குச் சங்கு ஊதும்வரை உட்கார முடியாது. சங்கு ஊதியதும் முகத்தைக் கழுவிக்கொண்டு ராயபுரத்துக்குப் பஸ் ஏறுவாள். கல்மண்டபத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, மாடியில், கம்ப்யூட்டர் ஹார்டுவேர் மாலை வகுப்பு. அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் பிறகு அவள் கண்டுபிடிப்பதெல்லாம் தன்னுடைய தப்புகளை மட்டும்தான்.

அதற்கென்றே ஒரு நோட்டு வைத்திருந்தாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நான்கு கட்டங்கள். தேதி, எதிராளி, எத்தனை நிமிடம் தாக்குப் பிடித்தோம், என் தப்பு. நான்காவது கட்டம்தான் இருப்பதிலேயே அகலமானது. அது அந்த விளையாட்டுக்கான நோட்டு.

விளையாட்டைக் கொண்டுவந்தவர் வகுப்பு நடத்திய பக்தவச்சலம் சார். 2001 பொங்கல் கழிந்து நெட்வொர்க்கிங் பாடம் ஆரம்பித்தபோது, பர்மா பஜாரிலிருந்து ஒரு சிடி வாங்கி வந்தார். "நீங்க கனெக்டர் அடிச்ச கேபிள் சரியா, தப்பான்னு தெரிஞ்சிக்க இதவிட நல்ல பரீட்சை கெடையாது. பாதி ஆட்டத்துல கப்பல் நின்னுட்டா கேபிள்ல கோளாறு" என்றார். விண்வெளிக் கப்பல் சண்டை. ஏழு மணிக்குப் பாடம் முடிந்ததும் அரை மணி நேரம் ஆடலாம்.

ஒரு கப்பலுக்கு இரண்டு பேர், இரண்டு கம்ப்யூட்டர். ஒருவர் ஓட்ட வேண்டும். அவருடைய திரையில் கறுப்பு வானமும் எதிரிக் கப்பலும் தெரியும். திருப்புவதும் சுடுவதும் அவர் பொறுப்பு. மற்றவர் பவர். அவருடைய திரையில் சொந்தக் கப்பலின் வரைபடமும் அதைச் சுற்றிச் சில பச்சைப் பட்டைகளும் இருக்கும், அவ்வளவுதான். எஞ்சினுக்கு எவ்வளவு, பீரங்கிக்கு எவ்வளவு, முன், பின், இடம், வலம் என்று நான்கு பக்கக் கவசத்துக்கு எவ்வளவு என்று பட்டைகளை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றில் ஏற்றினால் இன்னொன்றில் குறையும். ஓட்டுகிறவருக்குக் கவசம் தெரியாது, பவரில் இருப்பவருக்கு எதிரி தெரியாது. லேபில் கம்ப்யூட்டர்கள் எதிரெதிர்ச் சுவர் இரண்டின் ஓரமாகவும் இருந்தன, ஓட்டுகிறவர்கள் ஒரு பக்கம், பவர் மறுபக்கம் என்று சார் பிரித்திருந்ததால் ஒரே கப்பலில் இருக்கும் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார முடியும். குரல் ஒன்றுதான் பாலம்.

ரமாபாய் ஓட்டுவாள். பவர், ஞானசெல்வி.

ரமாபாயின் அப்பா வரதன் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் கலாசி. கிரேன் சரக்கைக் கப்பலின் வயிற்றுக்குள் இறக்கும்போது கிரேன் ஓட்டுகிறவர் கண்ணுக்கு அடி தெரியாது. விளிம்பில் நிற்கும் ஒருவர் 'ஹபீஸ்' என்றால் அவர் தூக்க வேண்டும். 'ஆரியா' என்றால் இறக்க வேண்டும். வேறு யார் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் வாங்கக் கூடாது. அந்த இரண்டு சொற்களையும் ரமாபாய் லேபுக்குக் கொண்டுவந்தாள். "வலது ஹபீஸ்" என்றால் வலப்பக்கக் கவசத்தை ஏற்று. "ஆரியா" என்றால் கவசத்தை இறக்கிப் பீரங்கிக்குக் கொடு. செல்வி ஏற்றிவிட்டு "ஆச்சு" என்பாள். அந்த ஒரு "ஆச்சு"வை நம்பி ரமாபாய் தன் கப்பலின் விலாவை எதிரிக்குக் காட்டித் திருப்புவாள். மூன்று மாதத்தில் அது ஒருநாளும் பொய்த்ததில்லை.

செல்வியின் குடும்பம் நாசரேத் பக்கத்திலிருந்து வந்து பழைய வண்ணாரப்பேட்டையில் மிளகாய், மல்லி மொத்த வியாபாரம் செய்துகொண்டிருந்தது. அப்பாவும் அண்ணன் ஜெபினும் கடையைப் பார்த்துக்கொண்டார்கள். பையன்களோடு சேர்ந்து உட்காரும் வகுப்புக்கு வீட்டில் விட மாட்டார்கள் என்று, டெய்லரிங் கற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அவள் வந்துகொண்டிருந்தாள். அந்தப் பொய்க்குக் கைகால் வைத்துக் கொடுத்தவள் ரமாபாய். கம்பெனியில் வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கேட்டு வாங்கி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் தானே உட்கார்ந்து, வாரத்துக்கு ஒன்றாகக் காஜா, ஹெம்மிங், கழுத்துப்பட்டி என்று தைத்துக் கொண்டுவந்து கொடுப்பாள். செல்வி அதை வீட்டில் காட்டுவாள். ஒருமுறை ஜெபினுக்குச் சந்தேகம் வந்தபோது ரமாபாயே அவர்கள் வீட்டுக்குப் போய், டெய்லரிங் சிநேகிதி என்று சொல்லி, கருப்பட்டிக் காபி குடித்துவிட்டு வந்தாள். எதற்கெடுத்தாலும் தன்னையே சந்தேகப்படும் ரமாபாய்க்கு, அந்தப் பொய் மட்டும் தப்பாகத் தோன்றவில்லை.

ஏப்ரல் கடைசியில் பக்தவச்சலம் சார் ஒரு செய்தி சொன்னார். ஜூனிலிருந்து பகல் வகுப்பும் ஆரம்பிக்கப் போகிறார். லேபைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டும். தேர்வு வைத்ததில் ரமாபாயும் செல்வியும் ஒரே மார்க். கூடப் படித்த கமாலும் லியோனார்டும் அதே மார்க்.

"லேப் வேலைன்னா ஒருத்தன் மேசைக்கு அடியில கேபிளைப் புடிச்சிக்கிட்டு இருப்பான், ஒருத்தன் ஸ்கிரீனைப் பாத்துச் சொல்லுவான். ஜோடியா வேல செய்யத் தெரிஞ்சவங்கதான் எனக்கு வேணும். சனிக்கிழமை நாலு பேரும் ஆடுங்க. ஜெயிக்கிற கப்பலுக்கு வேலை" என்றார் சார்.

அந்த வாரம் முழுக்க ரமாபாய்க்குச் செக்கிங் மேசையில் கால் வலிக்கவே இல்லை. பகல் முழுக்கக் கம்ப்யூட்டர்களைக் கழற்றி மாட்டும் வேலை. ஒரு வருடம் அங்கே இருந்துவிட்டால் அப்புறம் எந்தக் கம்பெனி வாசலிலும் போய்த் தைரியமாக நிற்கலாம். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் அவர்கள் பிளாக்கில் அப்படி ஒரு வேலைக்குப் போன பெண் இதுவரை கிடையாது. "ஜெயிச்சா உக்காந்து பாக்கற வேலம்மா" என்று அம்மா சொக்கம்மாளிடம் சொன்னாள். "உக்காந்துன்னா பூரா நாளுமா?" என்று அம்மா நம்பாமல் கேட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் லேபில் ஒரு ஆள் கேமராவோடு நின்றுகொண்டிருந்தார். தெருமுனை ஸ்டுடியோக்காரர்.

"ஜெயிக்கிற ரெண்டு பேர் போட்டோவையும் நோட்டீஸ்ல போடறேன். 'எங்கள் மாணவர்கள்'னு. பேப்பருக்குள்ள வெச்சி ராயபுரம், வண்ணாரப்பேட்டை பூரா வீட்டுக்கு வீடு போயிடும்" என்றார் சார் உற்சாகமாக.

"சார், என் மூஞ்சியப் போட்டா வர்ற கூட்டமும் வராது சார்" என்றான் லியோனார்ட். எல்லாரும் சிரித்தார்கள். செல்வி சிரித்தாளா என்று ரமாபாய் பார்க்கவில்லை. அவள் மனதுக்குள் முதல் திருப்பத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் நன்றாகத்தான் போனது. நான்காவது நிமிடத்தில் கமாலின் கப்பலுக்கு வால் பக்கம் புகைந்தது. "யோவ் லியோனாடு, பின்னால ஏத்துய்யா, துண்ணுட்டுத் தூங்கறியா?" என்று அவன் கத்தினான். ரமாபாய் அவன் வாலைத் துரத்தினாள். இன்னும் ஒரு அரைவட்டம். விலாவைக் காட்டிக் கடந்துபோனால் அவன் முதுகு முழுசாகக் கிடைக்கும்.

"வலது ஹபீஸ்."

"ஆச்சு."

திருப்பினாள். கமால் ஒரே ஒரு குண்டு போட்டான். திரை முழுக்கச் சிவப்பாகி, கப்பல் இரண்டாகப் பிளந்து, துண்டு துண்டாக மிதந்தது. ஐந்து நிமிடம், ஐம்பத்தெட்டு விநாடி.

இருவரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். கல்மண்டபம் மார்க்கெட் தாண்டித்தான் ரமாபாய் கேட்டாள்.

"செல்வி, நான் லேட்டா சொல்ட்டனா?"

செல்வி கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் லேட்டுதாம்ட்டி. அவசரத்துல ஆச்சுன்னு சொல்லிட்டேன், பட்டை ஏறி முடியிறதுக்குள்ள அடி விழுந்துட்டு."

"உன் வேலையும் போச்சு என்னால."

"விடு ரமா. யாருக்கும் நடக்கும்."

அந்தப் பெருந்தன்மையில் ரமாபாய்க்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்குப் போய் நோட்டில் எழுதினாள்: சொல்லத் தாமதம். எத்தனை விநாடி என்று தெரியவில்லை.

அடுத்த இரண்டு வாரமும் அவள் அந்தத் தாமதத்தோடுதான் வாழ்ந்தாள். சட்டையைப் புரட்டும்போது உதடு தானாக "வலது ஹபீஸ்" என்று முனகும், பக்கத்து மேசைக்காரி "இன்னாடி, சாமி வந்துருச்சா?" என்று கேட்பாள். செல்வியிடம் இன்னும் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டாள். விஷயத்தைக் கேள்விப்பட்ட அம்மா, "உன்னால அந்தப் பொண்ணு பொழப்பும் போச்சா? வெறுங்கையோட போயி மன்னிப்புக் கேட்டா இன்னா மரியாதை?" என்று நெத்திலி வறுத்து டிபன் பாக்ஸில் போட்டுக் கொடுத்தனுப்பினாள். செல்வி அதை வகுப்பு மாடிப்படியில் உட்கார்ந்து கடைசித் துண்டுவரை தின்றுவிட்டு, "உங்க அம்மா கைப்பக்குவம் யாருக்கும் வராது" என்றாள்.

எத்தனை விநாடி என்பதுதான் ரமாபாயை உறுத்திக்கொண்டே இருந்தது. தப்பு தெரிகிறது, அளவு தெரியவில்லை. அளவு தெரியாத தப்பை எப்படித் திருத்துவது? ஒவ்வொரு ஆட்டத்தையும் அந்த விளையாட்டு தானாகவே பதிந்து வைத்துக்கொள்ளும் என்பது ஒருநாள் சார் பேச்சுவாக்கில் சொல்லித் தெரிந்தது. போட்டுப் பார்த்தால் எல்லா கம்ப்யூட்டரின் திரையும் நடந்தபடியே திரும்ப ஓடும். குரல் மட்டும் இருக்காது. மறுநாள் கம்பெனியில் அரை மணி பர்மிஷன் சொல்லிவிட்டு, வகுப்புக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்தாள். கீ போர்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த கமாலைத் தவிர லேபில் யாரும் இல்லை. காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் வேலை பார்த்துக்கொண்டே படித்தவன் அவன். ஜூன் ஒன்றாம் தேதிதான் வேலை. அதற்குள்ளேயே லேபைச் சொந்த வீடு மாதிரி ஆக்கியிருந்தான்.

"இன்னாமே, சீக்கிரமே வந்துகினே? தோத்த துக்கத்துல தூக்கம் வர்லியா?"

"ஒரு கணக்கு பாக்கணும். நீ உன் வேலையப் பாரு."

இடது பாதியில் தன் திரை, வலது பாதியில் செல்வியின் திரை என்று வைத்து ஓட விட்டாள். நோட்டைத் திறந்து பேனாவை எடுத்துக்கொண்டாள். தான் திருப்ப ஆரம்பித்த இடத்தில் நிறுத்தினாள். ஐந்து நிமிடம், ஐம்பத்தொன்று. கவசம் ஏற ஆரம்பித்த நேரத்தையும் குறித்துக்கொண்டு கழித்தால் தாமதம் கிடைத்துவிடும்.

கவசம் ஏறவே இல்லை.

வலப்பக்கப் பட்டை காலியாக இருந்தது. முதலில் அவள் தான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்தாள். பின்னால் ஓட்டினாள். ஐந்து பன்னிரண்டில் அந்தப் பட்டை முக்கால் உயரத்துக்கு இருந்தது. அடுத்த விநாடியே அது மளமளவென்று அடிவரை இறங்கியது. அந்த நேரத்தில் ரமாபாய் எதுவுமே சொல்லியிருக்கவில்லை, நேராகப் போய்க்கொண்டிருந்தாள்.

கை தவறியிருக்கும். மௌஸ் பழசு. பதற்றத்தில் யாருக்கும் வழுக்கும். இன்னொரு தடவை ஓட்டினாள். கை தவறினால் பட்டை ஒரு தடவை விழும், அப்படியே கிடக்கும். இது விழுந்தது, பிறகு மெதுவாகப் பாதிவரை ஏறியது, அங்கே நான்கு விநாடி நின்றது, பிறகு மறுபடி அடிவரை இறங்கியது. யோசித்து, மனம் மாறி, திரும்பவும் மனம் மாறிய ஒரு கை. "ஆச்சு" என்ற குரல் கேட்டபோது அந்தக் கை எதையும் தொடவே இல்லை.

ஐந்தாவது தடவை ஓட்டும்போது முதுகுக்குப் பின்னால் கமாலின் மூச்சுக் கேட்டது.

"அடப் பாவி. கவசமே இல்லாமயா எம்முன்னால வந்து நின்ன?"

ரமாபாய் மறுபடி பின்னால் ஓட்டினாள்.

"அப்ப நான் ஜெயிச்சது...? தூ! எங்க நைனாகிட்ட எத்தினி பெருமையா சொன்னேன் தெரியுமா? ஒரே குண்டு நைனா, ரெண்டா பொளந்துகிச்சுன்னு. இன்னாமே இது, உன் தோஸ்தா இப்பிடிப் பண்ணிக்கிறா?"

"யார்கிட்டயும் சொல்லாத கமாலு."

"இன்னாத்துக்கு சொல்லக் கூடாது?"

ரமாபாய் பதிவை நிறுத்தினாள். நோட்டை மூடினாள். கழித்துப் பார்ப்பதற்கு எதுவும் இல்லை.

செல்வி வரும்வரை மாடிப்படியிலேயே நின்றாள். செல்வி மேலே வந்ததும், "டெய்லரிங் துண்டு கொண்டாந்தியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"வலது பக்கத்த நீயாதான் இறக்குன."

செல்வியின் சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டு நின்றது. பிறகு அவள் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தப் போட்டோக்காரரு வந்தாருல்லா... வண்ணாரப்பேட்ட பூரா நோட்டீஸு போவும்னு சாரு சொன்னாருல்லா. எங்க கடைக்கு மூணு பேப்பர் வருது ரமா. ஜெபின் அண்ணன் மொதல்ல நோட்டீஸத்தான் உருவிப் பாப்பான். என் மூஞ்சி இருந்துச்சுன்னா அன்னியோட எல்லாம் முடிஞ்சிட்டு. ஊருக்கு அனுப்பிருவாங்க. எனக்கு வேற வழி தெரியல."

"போட்டோக்கு நிக்க மாட்டேன்னு சொல்லிக்கலாம். என்னாண்ட ஒரு வார்த்த சொல்லிக்கினு இருந்தா நான் சாராண்ட பேசிருப்பனே."

"அஞ்சு நிமிசத்துல எனக்கு மூளையே ஓடலட்டி. ஆடிக்கிட்டிருக்கும்போதே நீ ஜெயிச்சிருவேன்னு தெரிஞ்சிட்டு. பயந்துட்டேன்."

ரமாபாய் அதை யோசித்துப் பார்த்தாள். அவளால் புரிந்துகொள்ள முடிந்தது. ஜெபினின் கண்களை நேரில் பார்த்தவள் அவள். பாதியில் ஏறி நின்ற அந்தப் பட்டையையும் பார்த்திருக்கிறாள். அதோடு நின்றிருந்தால் இந்த இடத்திலேயே மன்னித்தும் இருப்பாள்.

"சரி, அன்னிக்கு ஓடல. அப்பால பதினாலு நாளு?"

செல்வி கைக்குட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

"லேட்டா சொல்ட்டனான்னு நான் கேட்டனே. இல்லன்னு சொல்றதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்? எங்கம்மா குடுத்த நெத்திலியத் துன்னியே செல்வி. எப்பிடி உள்ள போச்சு?"

"நீ எப்பவும் உம்மேலதான போட்டுக்கிடுவ ரமா." செல்வி மெதுவாகச் சொன்னாள். கொடுமையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்வது போலச் சொன்னாள். "நோட்டு பூரா உன் தப்புதான். நான் விட்ட தப்பக்கூட நீதான் எழுதி வச்சிருக்க, நான் பாத்திருக்கேன். இதுவும் ஒண்ணு, எழுதிட்டு மறந்துருவன்னு நெனச்சேன். ஒனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியாதுன்னு..."

கீழே மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். செக்கிங் மேசையில் இருப்பதுபோல ரமாபாயிடமும் ஒரு கூடை இருக்கிறது என்றும், யாருடைய பழுதையும் யாரும் கேட்காமல் அதில் போட்டுவிட்டுப் போகலாம் என்றும் மூன்று மாதமாகச் செல்வி தெரிந்துவைத்திருக்கிறாள். சிநேகிதி என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்குத் தான் அந்தக் கூடையாகத்தான் இருந்திருக்கிறோம் என்பது ரமாபாய்க்கு இப்போதுதான் உறைத்தது.

கமால் விடவில்லை. மறுநாள் லியோனார்டையும் இழுத்துக்கொண்டு சாரிடம் போனான். "உனக்கு இன்னாத்துக்கு மாமு இந்த பேஜாரு? வேல கெடச்சாச்சு, கம்முனு இரு" என்று லியோனார்ட் வழியெல்லாம் முணுமுணுத்தான். "செத்த பாம்ப அடிச்சிட்டு வீரன்னு சுத்தறதுக்கு நான் ஆள் இல்ல. வா" என்றான் கமால். லேபில் ரமாபாய், செல்வி முன்னாலேயே, மறுபடி ஆட வேண்டும் என்று சாரிடம் கேட்டான். ஏன் என்று சார் கேட்டதற்கு மட்டும் ரமாபாயின் முகத்தைப் பார்த்தான்.

"கேபிள் லூஸா இருந்தது சார். கவசம் ஏறல. பதிவுல பாத்தோம்" என்றாள் ரமாபாய்.

"யார் அடிச்ச கேபிள்?"

"நான்தான் சார்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, மறுபடியும் அதையே செய்திருக்கிறோம் என்று. கமால் தலையில் அடித்துக்கொண்டான்.

பக்தவச்சலம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நோட்டீஸ் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. வேலைக்கான கடிதமும் தட்டச்சு செய்யவில்லை. "சரி, வர்ற சனிக்கிழமை. அதே ஜோடி. அதுதான் கடைசி" என்றார்.

"சார், இன்னொண்ணு. செல்விக்கு போட்டோ வேணாம் சார். அவங்க வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க."

"அட, இதை அன்னிக்கே சொல்றதுக்கென்னம்மா? யார் கட்டாயப்படுத்தினா? ஒருத்தர் போட்டோ போதுமே" என்றார் சார்.

அவ்வளவுதான். ஒரு வாக்கியம். கதவருகே நின்றிருந்த செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

சனிக்கிழமை மாடிப்படியில் செல்வி அவள் கையைப் பிடித்தாள். "கர்த்தர் மேல சத்தியமா இன்னிக்கு..."

"சத்தியம்லாம் வாணாம். வந்து உக்காரு."

வேறு ஜோடி கேட்டிருக்கலாமோ என்று ரமாபாய் யோசிக்காமல் இல்லை. ஆனால் சார் அதே ஜோடி என்று சொல்லிவிட்டார். பவர் பட்டைகளைச் செல்வி அளவுக்கு வேகமாக ஏற்றத் தெரிந்தவர்களும் அந்த வகுப்பில் இல்லை. தவிர, இதில் ஜெயித்தால் திங்கட்கிழமை செக்கிங் மேசைக்குப் போய், இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறேன் என்று சொல்லலாம். அந்த ஒரு வாக்கியத்தை அவள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள்.

முதுகோடு முதுகாக உட்கார்ந்தார்கள். ஆட்டம் ஆரம்பித்தது.

"முன் ஹபீஸ்."

"ஆச்சு."

ஏறியிருக்குமா? ரமாபாயின் கழுத்து தானாகத் திரும்பியது. செல்வியின் திரையில் முன்பக்கப் பட்டை உச்சிவரை பச்சையாக இருந்தது. திரும்பித் தன் திரையைப் பார்ப்பதற்குள் கமால் பக்கத்தில் வந்துவிட்டிருந்தான். விலகி ஓட்டினாள்.

இனிமேல் திரும்பக் கூடாது என்று சொல்லிக்கொண்டாள். "இடது ஹபீஸ்" என்றாள். "ஆச்சு" என்றது குரல். அன்றைக்கும் இதே குரல்தான், இதே நிதானம்தான். ஒரு இழையும் மாறாத அந்தக் குரலில் மெய் எது, பொய் எது என்று எப்படிப் பிரிப்பது? திரும்பினாள். பட்டை உச்சியில் இருந்தது. தன் திரைக்குத் திரும்பும்போது வால் பக்கம் ஒரு அடி விழுந்திருந்தது.

"பின்னால ஏத்தவாட்டி? சொல்லு ரமா, பின்னால அடி விழுதுல்லா?" என்று செல்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்காமலேயே ஏற்றவும் செய்தாள். அவள் கை மௌஸின் மேல் பறந்துகொண்டிருந்தது. நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டாள். அவ்வளவையும் ரமாபாய் பார்த்தாள். பார்க்க நேரம் இருந்தது, ஏனென்றால் அவள் தன் திரையைப் பார்க்கவில்லை.

ஆறாவது நிமிடத்தில் கமாலின் முதுகு ஒருமுறை கிடைத்தது. விலாவைக் காட்டிக் கடந்துபோனால் போதும். அன்றைக்கு வந்த அதே இடம்.

"வலது ஹபீஸ்."

"ஆச்சு. பூரா ஏத்திட்டேன். திருப்பு ரமா, திருப்பு!"

ரமாபாய் தலையைத் திருப்பினாள். வலப்பக்கப் பட்டை பச்சையாக, முழுசாக, அசையாமல் நின்றது. அதை ஒருமுறை அடியிலிருந்து நுனிவரை பார்த்தாள். பாதியில் இறங்குமோ என்று இன்னும் ஒரு விநாடி பார்த்தாள். கப்பல் திரும்பாமல் நேராகப் போய்க்கொண்டிருந்தது. முன்பக்கக் கவசத்தின் பங்கையும் வலது பக்கத்துக்கே கொடுத்து வைத்திருந்த அந்தக் கப்பலின் மூக்கில், நேர் எதிரே வந்து, கமால் அடித்தான்.

முதுகுக்குப் பின்னால் தன் திரையின் வெளிச்சத்தில் எதிர்ச் சுவர் சிவப்பாக மின்னியதில்தான் அவளுக்குத் தெரிந்தது.

லியோனார்ட் கைதட்ட எடுத்த கையைக் கமால் பிடித்துக் கீழே இறக்கினான். "இன்னாமே, அவ்ளோ கிட்ட வந்தேன், எங்க பாத்துகினு இருந்த?" என்று கேட்டான். அவன் குரலில் ஜெயித்தவனின் சந்தோஷம் இல்லை. சார், முதல் சனிக்கிழமை எடுத்த போட்டோவையே அச்சுக்குக் கொடுக்கச் சொல்லி ஸ்டுடியோக்காரரிடம் ஆள் அனுப்பினார்.

செல்வி தன் நாற்காலியை இந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"ரமா, இந்தத் தடவ நான் ஒண்ணுமே பண்ணலட்டி. எல்லாத்தையும் ஏத்தித்தான் வச்சிருந்தேன். வேணும்னா பதிவப் போட்டுப் பாரு."

"தெரியும் செல்வி. உன்னையேதான் பாத்துகினு இருந்தேன்" என்றாள் ரமாபாய்.